சுமப்பது ஒன்று, சுழல்வது ஒன்று

அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்குகளில் டானா 60 என்ற முன் அச்சுக்குத் தனி மரியாதை உண்டு. வண்டியின் கூடு துருவேறி, இருக்கை கிழிந்து, எஞ்சின் என்றோ கைமாறியிருக்கும். அடியில் அந்த அச்சு மட்டும் மிச்சமிருப்பது தெரிந்தால் போதும், பேரம் வேறோர் இடத்திலிருந்து தொடங்கும். 1977 முதல் 1991 வரை வந்த செவ்ரலே கே30, ஏறக்குறைய அதே காலத்து ஃபோர்டு எஃப்-350, டாட்ஜின் ஒரு டன் பிக்கப் ஆகியவை அதைச் சுமந்து வந்த வண்டிகள். பண்ணையில் வைக்கோல் ஏற்றி, குதிரைகள் நிற்கும் டிரெய்லரை இழுத்து, குளிர்காலத்தில் பனி தள்ளி ஓய்ந்தவை. அவற்றிலிருந்து அச்சைக் கழற்றி, இரு முனையிலும் சக்கரம் மாட்டும் ஹப்பை மாற்றி, ஒரு சின்ன ஜீப்புக்கு அடியில் கொண்டுபோய்ப் பொருத்துவதற்கென்றே சனி ஞாயிறுகளை வீட்டுக் கொட்டகையில் கழிக்கும் கூட்டம் ஒன்று கலிஃபோர்னியாவிலும் யூட்டாவிலும் கொலராடோவிலும் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிறுக்குத்தனம். பாதி கிறுக்குத்தனம்தான், மறுக்கவில்லை. மீதிப் பாதியைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் தேவை. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ்டவுனிலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் போகும் ரூபிகான் தடத்தில் 1953 முதல் ஆண்டுதோறும் ஜீப் கூட்டம் போகிறது. பாதை என்று சொன்னாலும் அதில் பெரும்பகுதி கருங்கல். ஒரு சக்கரம் பாறை இடுக்கில் மாட்டியிருக்க, இன்னொன்று அந்தரத்தில் நிற்க, வண்டியின் மொத்த எடையும் எஞ்சினின் மொத்த விசையும் மாட்டிய அந்த ஒரு சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். பாறையைத் தாண்ட உயரம் வேண்டும் என்று 37 அங்குலம், 40 அங்குல டயர் போடுகிறார்கள். டயர் பெரிதாகப் பெரிதாக அதன் எடையும், அது அச்சை முறுக்கி வளைக்கும் வலுவும் கூடும். ஜீப்போடு வரும் டானா 30 முன் அச்சில் நடுப் பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் ஏழு அங்குலத்துக்குச் சற்று அதிகம். டானா 60இல் ஒன்பதே முக்கால். இந்த இரண்டரை அங்குல வித்தியாசம் அச்சின் கடைசி முனைவரை எல்லா உறுப்பிலும் போய்ச் சேரும். குழாய் தடிமன், ஷாஃப்ட் தடிமன், பேரிங் அளவு, பிரேக் டிஸ்க் எல்லாம் அந்தக் கணக்கில் பெரியவை.

ஆனால் அளவு மட்டும் காரணமாக இருந்தால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பெரியது உறுதியானது, அவ்வளவுதான். என்னை நிறுத்தியது ஹப் கட்டப்பட்டிருக்கும் விதம்.

சாதாரணக் காரிலும் சின்ன ஜீப்பிலும் பின் சக்கரம் ஷாஃப்ட்டின் முனையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவதும் அந்த ஷாஃப்ட்தான், வண்டியின் எடையைத் தாங்குவதும் அதுதான். 1990களின் ஜீப்புகளில் வந்த டானா 35 பின் அச்சைப் பற்றி அங்கே யாரிடம் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது சி வடிவத்தில் ஒரு சிறு கிளிப். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் முறிந்த துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. துண்டும் சக்கரமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மலைச்சரிவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

கனரக லாரியின் ஹப்பில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டார்கள். அச்சுக் குழாயின் முனையில் ஸ்பிண்டில் என்ற தடித்த உள்ளீடற்ற குழல் அசையாமல் நிற்கும். ஹப் இரண்டு பேரிங்குகளின் மேல் அந்தக் குழலைச் சுற்றிச் சுழலும். எடை முழுவதும் குழலில் இறங்கிவிடுகிறது. குழலின் நடுத்துளை வழியாக ஷாஃப்ட் வெளியே வந்து ஹப்பின் முகத்தோடு சேர்ந்து, அதைத் திருப்பும் வேலையை மட்டும் செய்கிறது. நம் மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டால் எளிது: அங்கும் அச்சு நகராது, குடம்தான் அதைச் சுற்றுகிறது. அந்த இரும்பு அச்சை நீளவாக்கில் துளைத்து, உள்ளே இன்னொரு கம்பியை விட்டு, அந்தக் கம்பியால் சக்கரத்தை வெளியிலிருந்து திருப்பினால் அதுதான் இந்த ஏற்பாடு.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. சரக்கு ஏற்றிய லாரியை ஜாக்கி வைக்காமலே, பின் சக்கர முகத்தில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவி எடுப்பதைப் பார்த்திருப்பார்கள். ஷாஃப்ட் இல்லாமலும் லாரி நிற்கும், இழுத்தால் ஓடவும் செய்யும். ஒரு வேலை நின்றுபோனாலும் இன்னொரு வேலை நிற்காது. ஜீப்புக்காரர் லாரி அச்சைத் தேடிப் போவதன் முதல் காரணம் இந்தப் பிரிவினை என்பது என் கட்சி. அவர்களில் பலர் கிரவுன் வீல் அளவைத்தான் முதலில் சொல்வார்கள்.

முன் சக்கரத்தில் சிக்கல் ஒன்று கூடுகிறது. அது சுழல்வதோடு இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். ஆகவே ஷாஃப்ட்டை இரண்டாக வெட்டி, நடுவில் சிலுவை வடிவ மூட்டு வைக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கிளாரன்ஸ் ஸ்பைசர், சங்கிலியில் ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கு மாற்றாக இந்த வகை மூட்டுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனத்துக்குள் பின்னாளில் சார்லஸ் டானா வந்து, 1946இல் அதன் பெயரே டானா ஆனது. அச்சின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். மூட்டுக்கு வெளியே உள்ள குட்டை ஷாஃப்ட் ஸ்பிண்டிலுக்குள் நுழைந்து ஹப்பின் வாய்க்கு வருகிறது. அந்த வாயில்தான் எனக்குப் பிடித்த உறுப்பு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் ஜீப்புகள் உபரியாகச் சந்தைக்கு வந்தன. உழவரும் வேட்டைக்காரரும் வாங்கினார்கள். தார்ச் சாலையில் ஓட்டும்போது முன் சக்கரத்துக்கு விசை தேவையில்லை. லீவரைத் தள்ளித் துண்டித்துவிடலாம். ஆனாலும் சாலையில் உருளும் முன் சக்கரம் தன்னோடு சேர்ந்த ஷாஃப்ட்டையும் டிஃபரன்ஷியலையும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் சும்மா சுற்றிக்கொண்டே வரும். தேய்மானம், இரைச்சல், கூடுதல் பெட்ரோல். 1948இல் சியாட்டில் அருகே ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு விற்கத் தொடங்கினார். ஹப்பின் முகத்தில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் உள்ளே பல் வைத்த வளையம் நகர்ந்து குட்டை ஷாஃப்ட்டையும் ஹப்பையும் கோத்துவிடும். மறுபக்கம் திருப்பினால் விலகிக்கொள்ளும். சக்கரம் தன் பேரிங்கின் மேல் தனியே உருளும், ஷாஃப்ட் உள்ளே உறங்கும். பல்லுக்குப் பல் நேராக அமையாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பொறுத்திருந்து, வண்டி ஓரடி நகர்ந்ததும் தள்ளிக் கோத்துவிடும். எளிமையான யோசனை. வார்ன் நிறுவனம் பிறகு மின்சார விஞ்ச் செய்து உலகம் முழுதும் பேர் வாங்கியது, ஆனால் தொடக்கம் இந்த ஹப்தான்.

இந்தத் திருகைத் திருப்ப ஓட்டுநர் இறங்க வேண்டும். சேற்றில் இறங்கி, முன்பக்கம் சுற்றிப் போய், இரண்டு பக்கமும் குனிந்து திருப்பிவிட்டு ஏற வேண்டும். சிக்கிய பிறகு நினைவு வந்தால் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். அதனால் பழகியவர்கள் கெட்ட பாதை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, இறங்கி, பூட்டிவிடுவார்கள். இறங்கியவர் அப்படியே டயரையும் பார்ப்பார், எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார், முன்னால் கிடக்கும் பாறையையும் ஒரு நோட்டம் விடுவார். 1999இல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் உள்ளிருந்தே ஒரு குமிழைத் திருப்பினால் வெற்றிடக் குழாய் மூலம் ஹப் பூட்டிக்கொள்ளும் வசதி வந்தது. வசதியானதுதான். ஆனாலும் குழாயில் வெடிப்பு விழும் என்று தெரிந்தே அந்த ஹப்பின் முகத்தில் கையால் திருப்பும் வழியையும் விட்டுவைத்தார்கள். அச்சு மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கைத் திருகுக்குத் திரும்புவார்கள்.

பேரிங்குக்கு வருகிறேன். இந்த வேலையின் சாரம் அங்கே இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து வந்து செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர் ஹென்றி டிம்கன். வண்டியின் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கி ஏற்கெனவே வசதியாக இருந்தவர். கனத்த வண்டி ஒரு முனையில் திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் அழுத்தி உராய்வதுதான் அவரை உறுத்தியது. நேரான உருளைகள் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்காது. உருளையை ஒரு முனை சிறுத்துக் கூம்பாகச் செதுக்கி, சரிவான கிண்ணத்துக்குள் உட்கார வைத்தால் இரண்டையும் தாங்கும். 1898இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு கூம்புப் பேரிங்குகளை எதிரெதிராக வைத்து, நடுவில் ஹப்பை நிறுத்தினால் இடப்பக்கத் தள்ளலை ஒன்றும் வலப்பக்கத் தள்ளலை மற்றொன்றும் வாங்கிக்கொள்ளும். 125 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் உலகத்து லாரிகள் இன்றுவரை பெரும்பாலும் இதன் மேல்தான் ஓடுகின்றன.

கூம்பு என்பதால் ஒரு விளைவு உண்டு. அதை எவ்வளவு உள்ளே தள்ளுகிறோமோ அவ்வளவு இறுகும். இறுக்கத்தின் அளவை உலோகம் தானாக முடிவு செய்யாது. ஸ்பிண்டில் முனையில் உள்ள நட்டைத் திருகும் கைதான் முடிவு செய்யும்.

பழைய ஹப்பைத் திறந்தால் முதலில் தெரிவது கறுத்துப்போன கிரீஸ். அதை வழித்து, கழுவி, உருளைகளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. கிண்ணத்தின் உள்முகத்தில் சிறு செதில்கள் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. சீராக இடைவெளிவிட்டுப் பள்ளங்கள் இருந்தால், வண்டி எங்கோ ஓங்கி இடிபட்டு உருளைகள் பதிந்திருக்கின்றன. கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுழலவிடுவது இளைஞர்களுக்கு விளையாட்டு, கிண்ணென்ற ஓசை கேட்கும். பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவார்கள். கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் உருளைகள் கழன்று தெறிக்கும்.

கிண்ணம் கெட்டிருந்தால் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுத்து, புதியதை அதேபோல் தட்டி உட்கார வைக்க வேண்டும். அடியில் போய்ச் சேர்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறும். அதுவரை எழுந்த சத்தம் தளர்வானது. சேர்ந்த பிறகு எழுவது கெட்டியான சத்தம். இதற்குக் கருவி கிடையாது, காதுதான். பழைய கிண்ணத்தில் புதிய கூம்பைப் போடக் கூடாது என்பதும் எழுதாத சட்டம். இரண்டும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை, பிரித்துச் சேர்த்தால் ஒத்துப்போகாது. பிறகு உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும்.

பிறகு நட்டு. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டைச் சுமார் 50 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்குவார்கள். உருளைகள் சரிவில் சரியாக உட்கார அது தேவை. உடனே தளர்த்துவார்கள். பிறகு மறுபடி மெல்ல இறுக்கி, ஒரு மயிரிழை ஆட்டம் மிச்சம் இருக்கும்படி நிறுத்துவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கையேடு கே30 வண்டிக்குச் சொல்லும் ஆட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு முதல் பத்துப் பங்கு வரை. அதாவது அதிகபட்சம் கால் மில்லிமீட்டர். அதற்கு மேல் பூட்டு வாஷர். அதற்கும் மேல் வெளி நட்டு, அதற்கு முதல் இறுக்கத்தைவிட அதிக விசை. வெளி நட்டை இறுக்கும்போது மரையில் இருக்கும் சிறு தளர்வு உள்வாங்கி, பார்த்துப் பார்த்து வைத்த ஆட்டம் மாறிவிடும். மறுபடி அளக்க வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி கழற்ற வேண்டும்.

அதிகம் இறுகினால் சூடேறி, கிரீஸ் உருகி ஒழுகி, கடைசியில் பேரிங் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்ளும். தளர்ந்தால் சக்கரம் ஆடும், கிண்ணம் அடிபடும், ஆயில் சீல் வாய் பிளக்கும், பிரேக் பெடல் தாழும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் இந்த ஹப்.

அந்தக் காலத்து டானா 60 ஹப்பில் பிரேக் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால், வீல் போல்ட்டுகளால் ஹப்போடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருக்கும். டிஸ்க் தேய்ந்தால் மாற்ற ஹப்பையே இறக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அதனால்தான் டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் பேரிங் வெளிச்சத்துக்கு வந்தது, யாரோ ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார். இன்று டிஸ்க் வெளியிலிருந்தே நழுவி வந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் சந்தர்ப்பமும் அதோடு போய்விட்டது.

இன்றைய வண்டிகளில் இருப்பது மூடிய ஹப். இரண்டு வரிசைப் பேரிங், கிரீஸ், சீல், ஏபிஎஸ் உணர்வி எல்லாம் ஒரே கட்டியாகத் தொழிற்சாலையிலேயே சரிபார்த்து அடைக்கப்பட்டு வரும். ஆட்டத்தை அங்கேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். திருத்த நட்டும் இல்லை, திறக்க வழியும் இல்லை. போல்ட்டைக் கழற்றிப் பழையதை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதே வேலை. 1994 முதல் வந்த டாட்ஜ் ராம் கனரக பிக்கப்புகளின் முன் அச்சில் இதுதான் இருந்தது. அதில் ஹப் பூட்டும் திருகும் கிடையாது. பதிலாக அச்சின் ஒரு பக்கத்து ஷாஃப்ட்டை நடுவில் வெட்டி இணைக்கும் ஏற்பாடு வைத்தார்கள். துண்டித்தாலும் சக்கரத்தோடு ஷாஃப்ட்டும் மூட்டும் சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

இதை ஏமாற்று என்று திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். கோடிக்கணக்கான கார்கள் ஓடும் நாட்டில் ஒவ்வொரு ஹப்பையும் ஒரு மனிதன் கால் மில்லிமீட்டருக்குள் நிறுத்துவான் என்று நம்பிச் சாலையைத் திறந்துவிட முடியாது. மூடிய ஹப் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் ஒரு தொந்தரவும் தராமல் ஓடும். கவனக் குறைவான கையிலிருந்து அது சக்கரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கவனமான கையையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே அந்த டாட்ஜ் அச்சுக்கே, மூடிய ஹப்பை நீக்கிவிட்டுப் பழைய முறையில் ஸ்பிண்டில், இரண்டு கூம்புப் பேரிங், பூட்டும் திருகு என்று மாற்றித் தரும் உறுப்புத் தொகுதிகள் இன்று காசு கொடுத்தால் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் கூடுதல் வேலையைத்தான் வாங்குகிறார்கள், அது தெரிந்தே வாங்குகிறார்கள்.

பொருத்தம் பார்ப்பது தனிப் பாடு. பின்னால் இரட்டை டயர் போட்ட லாரியின் முன் அச்சு கிடைத்தால் அதன் ஹப் முகம் வெகு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழிந்த சக்கரத்துக்காகச் செய்தது. ஒற்றை டயர் வண்டியின் ஹப்பும் டிஸ்க்கும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். எட்டு போல்ட் என்று கேட்டு வாங்கிய சக்கரம் சேராது: பழைய வண்டிகளில் போல்ட் வட்டம் ஆறரை அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். 1999க்குப் பிந்தைய ஃபோர்டில் 170. ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். துளையைச் சற்று ராவிவிட்டால் ஏறிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வண்டி ஓட்டக் கூடாது. இன்னொன்று, கே30இன் அச்சு முகத்துக்கு முகம் ஏறக்குறைய 69 அங்குலம், 1990களின் ஜீப்புக்கு 60தான். குழாயை வெட்டிக் குறுக்குவதா, அகலத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதா என்ற விவாதம் கொட்டகைக்குக் கொட்டகை நடக்கும். வெட்டாமல் விடுவது நல்லது என்பேன். வெட்டிய பிறகு உடைந்த ஷாஃப்ட்டுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி விசைக் கணக்கு. செவ்ரலே லாரிகளில் வந்த எஸ்எம்465 கியர் பெட்டியில் முதல் கியர் 6.55. அதன் பின்னுள்ள என்பி205 பெட்டியில் தாழ் விகிதம் 1.96. அச்சில் 4.56 என்று வைத்துக்கொண்டால், பெருக்கிவரும் விடை 58ஐத் தாண்டுகிறது. எஞ்சின் தரும் முறுக்கு விசை 58 மடங்காகி வந்து, ஒரு சக்கரம் மாட்டியிருக்கும்போது ஒற்றைக் குட்டை ஷாஃப்ட்டைப் போய் அறைகிறது. தொழிற்சாலையில் வந்த குட்டை ஷாஃப்ட்டில் 30 பல், விட்டம் 1.31 அங்குலம். மாற்றிப் போடுவது 35 பல், ஒன்றரை அங்குலம். தடிமனில் கால் அங்குலம்கூட ஏறவில்லை. ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் படியில் ஏறும் என்பதால் ஒன்றரை மடங்கு உறுதி கிடைக்கிறது. அதற்கு ஏற்ப ஸ்பிண்டிலின் உள்துளை, பூட்டும் ஹப் எல்லாம் மாற வேண்டும்.

அப்படி மாற்றியதும் முறிவது நிற்காது, இடம் மாறும். ஷாஃப்ட்டைப் பலப்படுத்தினால் சிலுவை மூட்டு போகும். மூட்டைப் பலப்படுத்தினால் ஹப் திருகின் பல் போகும். திருகையே எடுத்துவிட்டுக் கெட்டித் தகட்டால் நிரந்தரமாகப் பூட்டினால் முறிவு டிஃபரன்ஷியலுக்குள் இறங்கும், அங்கே போனால் காட்டிலேயே உட்கார வேண்டியதுதான். விவரமானவர்கள் எங்கே உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். எளிதில் கையெட்டும் இடத்தில், மலிவான உறுப்பாக, ஹப் முகத்தில் உள்ள பூட்டே உடையட்டும் என்று விட்டுவைத்து, பையில் ஒரு மாற்றுப் பூட்டோடு போகிறார்கள். ஆறு சிறு போல்ட்டுகளைக் கழற்றி, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு நகரலாம். இந்தக் கூட்டத்தில் நான் மதிப்பது இவர்களைத்தான்.

எதுவுமே உடையக் கூடாது என்று ராணுவத்தின் எம்35 லாரி அச்சுக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டரை டன் லாரி, 1950இல் படைக்கு வந்தது. டிம்கன் பெயரில் தொடங்கி ராக்வெல் பெயருக்கு மாறிய நிறுவனத்தின் அச்சு, விகிதம் 6.72. ஆறு போல்ட் சக்கரம், பெரிய டிரம் பிரேக். உடைக்க முடியாதுதான். ஜீப் எடைக்கு அது அளவு மீறியது. ஸ்பிரிங்குக்குக் கீழே அத்தனை இரும்பு தொங்கினால் வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், சாலையில் திசைக்கு அடங்காது. எடையைக் குறைக்க பிரேக்கையே கழற்றிவிட்டு, நடுவில், அச்சுக்குள் விசை நுழையும் பினியனில் ஒரு டிஸ்க் வைப்பார்கள். சுமக்க வேண்டியதையும் சுழல வேண்டியதையும் அழகாகப் பிரித்து வைத்த அச்சில் நிற்க வேண்டியதை மறந்துபோகும் வேலை இது.

இந்த விளையாட்டுக்கு வெளியிலும் ஒரு விலை உண்டு. பாறையில் அச்சு உடைந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் பாறையிலேயே கொட்டும், பாறையிலிருந்து ஓடைக்குப் போகும். 2009இல் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தரக் கட்டுப்பாட்டு வாரியம் ரூபிகான் தடத்தைத் துப்புரவாக்கச் சொல்லி எல் டொராடோ கவுண்டிக்கு உத்தரவு போட்டது. மண்ணரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு என்று பட்டியல் இருந்தது. சீல் வாய் பிளந்த ஹப்பும் இந்தக் கணக்கில் வரும். ஹப்பைச் சரியாக வைத்திருப்பது வண்டிக்காரரின் சொந்த விஷயம் மட்டும் என்று இனிச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் யாராவது இதைப் படித்துவிட்டுப் பழைய லாரி அச்சைத் தேடிப் புறப்பட்டால் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. கேரளத்து மலைகளில் ஜீப்பைப் பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பொதுவாக அங்கே கை சற்று விடுதலையாக இருக்கிறது. அந்த விடுதலையை எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லமாட்டேன். துளையை ராவுகிறவரை மேலேயே குறிப்பிட்டுவிட்டேன்.

எங்கே மாற்றினாலும் வேலை கடைசி நட்டோடு முடிவதில்லை. முதல் சில மைல்கள் ஓடியதும் நிறுத்தி, நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதன் நட்டு இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றில் இறங்கியிருந்தால், சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்து சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். திறந்தால் கிரீஸ் பால் நிறத்தில் வெளுத்திருப்பது தெரியும். அதை வழித்து, பேரிங்கைக் கழுவி, புதிதாக நிரப்பி மூட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையும், ஆழத் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இதைச் செய்ய நேரமும் மனமும் உள்ளவர்கள் மட்டும் இந்த ஹப்பை மாட்டலாம். மற்றவர்கள் வண்டியோடு வந்த மூடிய ஹப்பை அப்படியே விட்டுவைப்பது நல்லது.